சுக்கான் யார் கையில்?

மோட்டார் வாகன உலகில் நீண்ட காலமாக ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. ஒரு பக்கத்தில் நிற்போர் பெருந்தொகையான சாதாரண நுகர்வோர். மெத்தென்ற இருக்கை, ஓசை அடங்கிய உட்புறம், ஒரு விரலால் திருப்பத்தக்க சுக்கான், கியர் மாற்றும் தொல்லையின்மை ஆகியன அவர்கள் வேண்டுவன. மறுபக்கத்தில் நிற்போர் வாகனம் ஓட்டுவதையே ஒரு சுவையாகக் கொண்ட ஆர்வலர். பாதையின் இயல்பு உள்ளங்கைக்குத் தெரியவேண்டும், இயந்திரம் காலின் கட்டளைக்கு உடன் பணியவேண்டும், வளைவில் வாகனம் உடல் சாயாது நிற்கவேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகள். இவ்விரு சாராருக்கும் இடையில் நீதிபதியாக அமர்ந்திருப்போர் உற்பத்தியாளர். 'இரண்டையும் சமன்செய்கிறோம்' என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு.

இவ்வழக்கே பிழையாகத் தொடுக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். சுகம் என்பதும் சுவை என்பதும் உண்மையில் இரண்டு அடிப்படைத் தேவைகளுக்கு வாணிபம் சூட்டிய பெயர்கள். அத்தேவைகளோடு உயிர்ப்பிணைப்புடைய மக்கள் இவ்வழக்கில் இதுவரை சாட்சியாகவேனும் அழைக்கப்படவில்லை. நான் மடுல்சீமையைச் சேர்ந்தவன். அந்த மக்களின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

கலைப்பீடத்து மாணவனுக்கு மோட்டார் வாகனத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எமது விடுதியில் ஓர் இரவு நிகழ்ந்த விவாதமே இதற்குக் காரணம். புதிதாக வந்த ஒரு காரைப் பற்றி நண்பரொருவர் வியந்து பேசினார். அதன் சுக்கான் உணர்வற்றது என்று இன்னொருவர் குறைகூறினார். மூன்றாமவர், முற்போக்குச் சிந்தனையில் ஊறியவர், 'இரண்டுமே பணம் படைத்தவனின் பிரச்சினை. நமக்கு பஸ் ஒழுங்காக வந்தாற் போதும்' என்று விவாதத்தை முடித்துவைத்தார். அனைவரும் சிரித்தோம். ஆனால் அந்த முடிவு எனக்கு உவப்பாக இருக்கவில்லை. ஏனெனில் என் தந்தை முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவர். அவர் ஓட்டுவது பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில்.

அப்பாதையை அறியாத வாசகருக்காகச் சிறிது விளக்கவேண்டும். பதுளையில் இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பசறை ஊடாக மடுல்சீமை வரையும், அங்கிருந்து தோட்டங்களின் உட்பிரிவுகள் வரையும், மக்கள் நம்பியிருப்பது தார்ப்பாதையையும் தோட்டப்பாதையையுமே. ஒரு புறம் மலைச்சுவர். மறுபுறம் தேயிலைச் சரிவு. மாரியில் மண் சரியும். மாலையில் பனிமூட்டம் இறங்கும். பிரசவ வேதனையுற்ற பெண்ணும், கொழுந்து மலையில் குளவி கொட்டி மயங்கிய தாயும், பரீட்சைக்குப் புறப்பட்ட பிள்ளையும் இப்பாதையாலேயே போகவேண்டும். 'சின்ன உலக முடிவு' காண அண்மைக்காலமாக வருகின்ற உல்லாசப் பயணிகளும் இதே பாதையாலேயே வருகின்றனர்.

அத்தகைய பயணிகளின் கார் ஒன்றை இறக்கத்தில் ஒரு வளைவருகே நாங்கள் கண்டோம். முன்சில்லுகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஓட்டிய இளைஞரின் முகம் வெளிறிப்போயிருந்தது. மிதித்த பிரேக் திடீரென இளகிப்போனதாகவும், கைப்பிரேக்கை இழுத்து மலைப்பக்கம் அணைத்து நிறுத்தியதாகவும் கூறினார். 'அதுவரை கார் எதையுமே காட்டவில்லை, அண்ணே' என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை. தண்ணீர் ஊற்ற முனைந்தவரை என் தந்தை தடுத்தார். கொதித்த இரும்பு வெடித்துவிடக்கூடும் என்றார். அரை மணித்தியாலத்துக்கு மேலாக ஆறவைத்த பின்னர், தன்னியக்கக் கியர்த்தடியில் எவரும் கவனியாதிருந்த தாழ்நிலை எழுத்தைக் காட்டி, 'இதுல போட்டு எறங்குங்க தம்பி. இவ்வளவு நேரமும் ஒங்க காலு மட்டுந்தான் வேலை செஞ்சிருக்கு. எஞ்சின் தூங்கிக்கிட்டு வந்திருக்கு' என்றார்.

விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் இதற்கொரு கணக்குப் போட்டுத் தந்தார். ஆட்களுடன் 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று 500 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின், அது கைவிடவேண்டிய சக்தி ஏறத்தாழ 17 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இயந்திரம் சில்லுகளைப் பிடித்து நிறுத்தாவிடின் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி நான்கு சில்லுகளின் தடுப்புகளுக்குள்ளேயே பிறக்கின்றது. அவ்வெப்பம் அளவு கடக்கும்போது தடுப்பு வலுவிழக்கின்றது. பத்து மடங்கு நிறையுள்ள பஸ்ஸுக்கு இக்கணக்கைப் பெருக்கிப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறேன்.

தாழ்ந்த கியரில் இறங்கப் பழகியவன் இதனைக் கணக்கின்றியே அறிவான். இயந்திரத்தின் குரல், சுக்கானின் நடுக்கம், மிதிபலகையின் இறுக்கம், இருக்கையினூடாக ஏறும் அதிர்வு ஆகியவையே அவனுக்குச் செய்தி கூறுகின்றன. ஆர்வலர் 'ஓட்டும் சுவை' என்று கொண்டாடுவதன் உட்பொருள் இதுவே. சுவை என்பது அதன் ஓய்வுநாட் பெயர். வேலைநாளில் அதன் பெயர் அறிவு. மலைப்பாதையில் அவ்வறிவு உயிர்க்காப்பு. அவ்வாறே, 'சுகம்' என்பதும் இங்கு ஆடம்பரம் அன்று. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி குழிவிழுந்த தோட்டப்பாதையில் போகும்போது நல்ல வில்லமைப்பு அவளுக்கு மருத்துவத்தின் ஒரு பகுதி. எனவே சுகத்தையும் உணர்வையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுப்பவர்களைப் பார்த்து, இவ்விரண்டும் ஒரே வண்டியில் ஒரே வேளையில் எமக்குத் தேவை என்று நாம் கூறவேண்டியுள்ளது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத பேராசை என்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிரான்சு நாட்டின் சித்ரொயன் நிறுவனம் 1948 இல் வெளியிட்ட '2 சிவி' என்னும் காரை நோக்குவோம். நாட்டுப்புறக் குடியானவருக்காகவே அது திட்டமிடப்பட்டது. ஒரு கூடை முட்டையுடன் உழுத வயலைக் கடக்கும்போது ஒரு முட்டையும் உடையக்கூடாது என்பது அதன் வடிவமைப்பாளருக்கு இடப்பட்ட கட்டளை. முன்சில்லையும் பின்சில்லையும் ஒன்றோடொன்று இணைத்த வில்லமைப்பினால் அவர்கள் இதனைச் சாதித்தனர். பகட்டற்ற அந்தக் கார் 1990 வரை உற்பத்தி செய்யப்பட்டது. வளைவில் வெகுவாகச் சாய்ந்தாலும் பாதையை விட்டு எளிதில் வழுவாத அதனை இன்றுவரை நேசிக்கும் ஆர்வலர் பலர்.

அதே 1948 இல் பிரித்தானியாவில் தோன்றியது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்காரின் சுக்கான், பற்சட்டமும் பற்சில்லும் நேரே இணையும் எளிய அமைப்பைக் கொண்டது. அக்காலச் சிறிய கார்களில் அத்துணைத் திருத்தமான சுக்கானைக் காண்பது அரிது. ஆயினும் அது பந்தயக்காரனுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆசிரியரும் எழுதுவினைஞரும் மருத்துவரும் ஓட்டிய கார் அது. இலங்கையிலும் ஒரு தலைமுறையின் குடும்ப வாகனமாக அது விளங்கியமை மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். அதே இசிகோனிஸ் 1959 இல் 'மினி' என்ற காரைப் படைத்தார். 1956 இல் சூயஸ் நெருக்கடி உண்டாக்கிய பெற்றோல் தட்டுப்பாட்டின் விளைவாகப் பிறந்த மலிவான சிறு வண்டி அது. அந்த மலிவான வண்டியே 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டப்போட்டியில் வெற்றிவாகை சூடியது. சாதாரண மனிதனின் கார் வேறு, ஆர்வலனின் கார் வேறு என்னும் பிரிவினை இயற்கை விதியன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் பிரிவினை எங்ஙனம் நேர்ந்தது? ஒரு பகுதி தொழில்நுட்பத்தால் நேர்ந்தது. மோதலிலிருந்து காக்கும் அமைப்புகள் சேரச்சேர வாகனங்களின் நிறை கூடிற்று. நிறை கூடியபோது சுக்கானுக்கு விசைத்துணை வேண்டியதாயிற்று. முதலில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய துணை, பின்னர் மின்மோட்டாரால் இயங்கலாயிற்று. யப்பானில் 1988 இல் சுசுக்கியின் சிறு கார் ஒன்றிலேயே இம்முறை முதன்முதலில் இடம்பெற்றது. எண்ணெய்ப் பம்பி எந்நேரமும் இயந்திரத்தை உறிஞ்சும். மின்மோட்டாரோ திருப்பும்போது மட்டும் சக்தி கொள்ளும். எரிபொருட் சிக்கனம் கருதி இம்மாற்றம் நியாயமானதே. ஆனால் அதனோடு பாதையின் செய்தியும் பெரிதும் வடிகட்டப்பட்டது. 2011 இல் வெளிவந்த போர்ஷே 911 மின்சுக்கானுக்கு மாறியபோது ஆர்வலரிடையே எழுந்த முறைப்பாடு இதுபற்றியதே. அம்முறைப்பாட்டின் பின்னர் நிறுவனங்கள் கணித்திருத்தத்தில் அக்கறை காட்டின. எந்த வண்டிகளில் என்பதே கேள்வி.

இங்குதான் மறுபகுதியான வாணிபம் புகுகின்றது. மாஸ்டா நிறுவனம் 1989 இல் எம்.எக்ஸ்.-5 என்ற இருவர் காரை வெளியிட்டது. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்னும் யப்பானியக் கோட்பாட்டைத் தன் வடிவமைப்பின் அடிப்படையாக அந்நிறுவனம் கூறிக்கொள்கிறது. ஆயிரம் கிலோகிராமுக்குக் குறைந்த நிறையும் எளிய பொறியமைப்பும் கொண்ட அக்கார் நல்ல முயற்சியே. ஆனால் இரண்டு பேருக்கு மட்டும் இடமுள்ள வண்டி குடும்பத்துக்கு உதவாது. 2016 இல் போர்ஷே '911 ஆர்' என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்து விற்றது. கையாற் கியர் மாற்றுவது மட்டுமே அதில் உண்டு என்பது அதன் பெருமைகளுள் ஒன்றாயிற்று. எண்ணிப் பாருங்கள். எங்கள் தோட்டத்து லொறியில் வேறு வழியின்றி இருந்த கைக்கியர், அங்கே செல்வந்தரின் ஆபரணமாகிவிட்டது. எல்லோருக்கும் உரியதாக இருந்த ஒன்றை முதலில் எல்லோரிடமிருந்தும் அகற்றுவது. பின்னர் அதனையே சிலருக்கு மட்டும் உயர்ந்த விலைக்கு விற்பது. 'சமன்செய்தல்' என்று உற்பத்தியாளர் கூறுவதன் பொருளியல் இதுவே. பெருந்தொகையினருக்கு மரத்துப்போன சுகம். சிறுதொகையினருக்கு விலைகூடிய உணர்வு.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகளை எதிர்கொள்வது என் கடன். முதலாவது, இயந்திரமே மனிதனைக் காக்கும் காலத்தில் ஓட்டுநரின் உணர்வு எதற்கு என்பது. பழைய கார்கள் பாதுகாப்பானவை என்று நான் சாதிக்கவில்லை. மொறிஸ் மைனருடன் ஒப்பிட்டால் இன்றைய மலிவான காரும் மோதலில் பன்மடங்கு மேலானது. சில்லு பூட்டிக்கொள்ளாது தடுக்கும் அமைப்பு 1978 முதலும், வழுக்கலைத் திருத்தும் மின்னணு அமைப்பு 1995 முதலும் கார்களில் இடம்பெற்று எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. அவற்றை வரவேற்போம். ஆயினும் அவை விபத்தின் விளிம்பில் இறுதி நொடியில் வேலை செய்பவை. விளிம்புக்குப் போகாது தடுப்பது ஓட்டுநரின் முன்னறிவு. ஒன்றைத் தருவதற்காக மற்றதைப் பறிக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. மேலும் காப்பு எல்லோருக்கும் பொதுவானது என்று நிறுவனங்கள் நடந்துகொள்ளவும் முடியும். 1959 இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மும்முனை இருக்கைப்பட்டியை உருவாக்கியபோது, அதன் காப்புரிமையைப் பிற உற்பத்தியாளரும் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. அம்மனப்பாங்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு என் முற்போக்கு நண்பருடையது. ஓட்டும் சுவை பூர்ஷ்வாப் பொழுதுபோக்கு என்பது அவரது நிலைப்பாடு. நண்பரே, தொழிலாளிக்குத் தன் தொழிலில் சுவை கூடாது என்று யார் விதித்தது? கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் முற்றிய இலையையும் தளிரையும் பார்வைக்கு முன்னரே பிரித்தறிகின்றது. அவ்வறிவில் அவளுக்கொரு பெருமிதமுண்டு. சுரண்டப்படுவது அவளது உழைப்பு, பெருமிதம் அவளுடையது. லொறி ஓட்டுநரும், பஸ் ஓட்டுநரும், என் தந்தையும் தொழிலாளரே. இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட முச்சக்கர வண்டிகள் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. இத்துணைப் பெரிய உழைப்பாளர் கூட்டத்தின் கைத்திறனை 'செல்வரின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவது, உற்பத்தியாளன் செய்த பிரிவினையை நாமும் ஒப்புக்கொள்வதாகும். உழைப்பவனைத் தன் கருவியிலிருந்து அந்நியப்படுத்துவதைக் கண்டிக்கும் நாம், சுக்கானைப் பிடித்திருக்கும் கையை மட்டும் விலக்கிவைப்பது எவ்வகையில் நியாயம்?

அதேவேளை ஆர்வலரையும் நான் விட்டுவிடப் போவதில்லை. மலைநாட்டில் அவர்களது விளையாட்டு பழமையானது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நிகழும் போட்டி அது. அத்தகைய பாதைகளை மலையில் வெட்டியவரும் கல் சுமந்தவரும் எம் முன்னோர். போட்டி நாளில் அவர்களின் சந்ததியார் வேலியோரத்தில் நின்றனர். வேலியோரத்தில் நிற்பவரின் நிலை என்ன என்பதை 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி எமது பதுளை மாவட்டமே கண்டது. தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ் ஹில் ஓட்டப்போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் ஒன்று, சிறுமி ஒருத்தி உட்பட எழுவரைப் பலிகொண்டது. ஓட்டுபவனுக்கு எத்துணை உணர்வு கிடைக்கிறது என்பதை நுணுகி ஆராயும் ஆர்வலர் உலகம், அருகில் நிற்பவனின் உயிரைப் பற்றி அதே நுணுக்கத்துடன் ஆராய்ந்ததா? தன் இன்பத்தை மட்டுமே அறிந்த உணர்வு பாதி உணர்வே. பாதையை உண்மையாக உணர்பவன், அதில் நடப்பவனையும் உணர்தல் வேண்டும்.

இனி, எல்லோரும் மறந்துவிடுகின்ற வண்டிக்கு வருவோம். 2021 மார்ச் 20 ஆம் திகதி லுணுகலையிலிருந்து புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறைக்கு அண்மையில் பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துப் பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 மே மாதத்தில் கொத்மலைப் பகுதியில் இ.போ.ச. பஸ் ஒன்று வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து பதினைந்து பேரின் உயிர் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வெவ்வேறாகலாம். அதனைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கேட்கும் உரிமை எமக்குண்டு. காரின் சுக்கானைப் பற்றியும் இருக்கையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதப்படுகின்றது. லொறிச் சட்டகத்தை ஒத்த உயர்ந்த சட்டகத்தின்மேல் உடல் கட்டப்பட்ட ஒரு பஸ், வளைவில் எவ்வளவு சாய்கின்றது, இறக்கத்தில் எவ்வளவு நேரம் தடுப்புத் தாங்குகின்றது, பன்னிரண்டு மணித்தியாலம் ஓட்டியவனின் தோளும் இடுப்பும் என்னவாகின்றன என்று யார் எழுதுகிறார்கள்? அங்கே பயணிக்குச் சுகமுமில்லை, ஓட்டுநருக்கு உணர்வுமில்லை. உற்பத்தியாளர் பெருமைப்படும் சமன்பாட்டில் பஸ் என்ற உறுப்பே கிடையாது.

இலங்கை வாகனங்களை வடிவமைக்கும் நாடன்று; பிறருக்காகச் செய்யப்பட்டதை வாங்கும் நாடு. யப்பானிய நகரத்தின் ஒடுங்கிய தெருவுக்காக, 1.48 மீற்றர் அகலத்துக்கும் 660 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்கும் மேற்படக்கூடாது என்னும் அந்நாட்டு விதிக்கமையச் செய்யப்பட்ட சிறு கார்கள் எமது மலையில் ஏறுகின்றன. அவை அவ்விடத்துக்கு உகந்தவை. இவ்விடத்தைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் இறக்குமதியற்றிருந்த நாடு, கதவு திறந்தபோது வரியைப் பற்றியும் விலையைப் பற்றியும் மட்டுமே பேசிற்று. எத்தகைய வண்டி எமது நிலத்துக்கு வேண்டும் என்னும் வினா எழவில்லை.

அவ்வினாவை எழுப்பவேண்டிய இடம் பல்கலைக்கழகம். பொறியியற்பீடத்தார் இறக்கத்தில் தடுப்புகளின் வெப்பத்தை அளக்கட்டும். மருத்துவபீடத்தார் ஓட்டுநரின் முதுகெலும்பைப் பரிசோதிக்கட்டும். கலைப்பீடத்தார் நாம், பாதையோரத்து மக்களின் சொற்களைப் பதிவுசெய்வோம். அவற்றைக்கொண்டு வாங்குவோரும் அரசும் உற்பத்தியாளரிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. மலிவான வண்டியிலும் கைக்குச் செய்தி சொல்லும் சுக்கான் வேண்டும். இறக்கத்தில் இயந்திரத்தால் தடுக்கும் முறையை ஒளித்துவைக்காது ஓட்டுநருக்கு எடுத்துக்காட்ட வேண்டும். தடுப்பு அளவுக்கு மீறிச் சூடாகுமுன் எச்சரிக்கை தரவேண்டும். மனிதரை ஏற்றும் பஸ்ஸுக்கு மனிதருக்கென அமைந்த சட்டகம் வேண்டும். இவற்றுள் எதுவும் அறிவியலுக்கு எட்டாததன்று. எவரும் வற்புறுத்திக் கேளாததால் எமக்குக் கிட்டாதது.

அன்று புகைந்த கார் மெல்ல இறங்கி மறைந்த பின்னர், என் தந்தை தம் வண்டியின் கைப்பிடியைத் தட்டிக்காட்டிக் கூறினார்: 'இது ஒடம்ப நோகடிக்கும், ஆனா பொய் சொல்லாது.' பொய்யும் சொல்லாது உடம்பையும் நோகடிக்காத ஒரு வண்டியை அவர் வாழ்நாளில் ஓட்டவேண்டும். அது கேட்கத்தகாத கோரிக்கை என்று உற்பத்தியாளர் கூறுவாராயின், அதனை மடுல்சீமைப் பாதையின் வளைவொன்றில் நின்று கூறட்டும்.